எந்தக் கவுண்டர்?

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அதன் பின்னால் இன்னொரு சொல்லைச் சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியிருக்கும். சேர்த்தால், ஆள் நீ சொல்கிற ஆள் இல்லை என்று ஏதாவதொரு அதிகாரி சொல்லுவார். சேர்க்காவிட்டால் அவரே என்னோடு சண்டைக்கு வருவார். கல்வராயன் மலையில் நான் சுகாதார நர்ஸாக வேலை பார்த்த காலத்தில் அங்கே ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தவர் என்று மட்டும் சொல்லிவைக்கிறேன். கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்குப் பஸ் வந்தால் வரும், வராவிட்டால் கேட்க நாதியில்லை என்றிருந்த காலம். எங்களுக்கு அவருடைய ஜீப்தான் பஸ், ஆம்புலன்ஸ், காய்கறி வண்டி எல்லாம்.

முன்கோபி என்று பெயர் வாங்கியவர். ஆனால் எதற்கெடுத்தாலும் கோபப்படுகிறவர் இல்லை. பாதி மலையில் டயர் வெடித்தால் சீட்டியடித்துக்கொண்டே மாற்றுவார். பின் சீட்டில் ஆடு கழிந்து வைத்தால் ஆட்டுக்காரருக்கே ஆறுதல் சொல்லுவார். பிரசவ வலியில் ஒரு பெண் பின்னாலிருந்து அவர் சட்டைக் காலரைப் பிடித்துக் கிழித்தபோது, "இழு தாயி, இது பழைய சட்டைதான்" என்று சொல்லியபடி ஓட்டினார். அவருக்குக் கோபம் வர ஒரே ஒரு வழிதான் இருந்தது. ஒரு மனிதனை இன்னொரு மனிதன் என்ன சொல்லிக் கூப்பிடுகிறான் என்பதில் தப்பு நடந்தால் அவர் வேறு ஆளாகிவிடுவார்.

ஒருமுறை புளி வியாபாரி ஒருவர் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கீழே வந்தார். நானும் அந்த ஜீப்பில் இருந்தேன். கோமுகி அணைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளத்தில் வண்டி குலுங்கியது. "டேய் மலையாளி, பார்த்து ஓட்டுடா, மூட்டை கிழியப்போவுது" என்றார் வியாபாரி. அந்த மலைப் பழங்குடியின் பெயர்தான் மலையாளி, கேரளாவோடு சம்பந்தமில்லை. இவர் வண்டியை ஓரம் கட்டினார். ஒவ்வொரு மூட்டையாக இறக்கி, கிழியாமல், வரிசையாக ரோட்டோரம் அடுக்கினார். வியாபாரியின் செருப்பையும் எடுத்து மூட்டைமேல் வைத்தார்.

"இன்னாய்யா பண்றே?" என்று வியாபாரி கத்தினார்.

"நான் மலையாளிதாங்க. இல்லன்னு சொல்லல. ஆனா உங்க வாயில அது வசவா வருது. வசவை எல்லாம் நான் ஏத்திக்கினு போறதில்ல."

வியாபாரி அங்கேயே நின்றார். வண்டி கிளம்பிவிட்டது.

நான் மலைக்குப் போன முதல் வாரம் அவரிடம், "உங்களை எப்படிக் கூப்பிடறது?" என்று கேட்டேன். "கவுண்டர்னு கூப்புடுங்க சிஸ்டரு. இல்லனா பேரைச் சொல்லுங்க. டிரைவருன்னு மட்டும் கூப்புடாதீங்க, அது வண்டிக்குச் சேர்ந்தது" என்றார். நான் அண்ணே என்று கூப்பிட ஆரம்பித்தேன். அதை ஏற்றுக்கொண்டார்.

உண்மையைச் சொன்னால், அவர் கவுண்டர் என்றதும் எனக்கு ஒரு நிமிடம் விளங்கவில்லை. ரிஷிவந்தியம் பக்கத்தில் என் அப்பாவையும் ஊரில் கவுண்டர் என்றுதான் சொல்லுவார்கள். கல்யாணம் செய்துகொண்டு போன வீடும் கவுண்டர் வீடுதான். சேலத்துக்கு மேற்கே போனால் அங்கே வேறொரு கூட்டத்தார் கவுண்டர். ஓசூர்ப் பக்கம் கன்னடம் பேசுகிறவர்கள் அதையே வேறு மாதிரி உச்சரித்து வைத்துக்கொள்கிறார்கள். ஒருவருக்கொருவர் பெண் கொடுப்பதில்லை, எடுப்பதில்லை, ஒருவரை ஒருவர் தெரியாது. ஆனாலும் சொல் ஒன்று. மலையிலும் அதே சொல் இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

என் மாமனார் நான் வேலை செய்யும் இடத்தைப் பார்க்க ஒருமுறை மேலே வந்தார். ஜீப்பில் முன்னால் உட்கார்ந்திருந்தவர், வழியில் யாரோ அண்ணனை "கவுண்டரே" என்று கூப்பிட்டதைக் கேட்டுவிட்டார்.

"ஏன் தம்பி, நீயும் கவுண்டரா? எந்தக் கவுண்டரு?"

"நீங்க எந்தக் கவுண்டருங்க?"

மாமனாருக்கு அந்தக் கேள்வி பழக்கமில்லை. "நாங்க கவுண்டரு. அவ்ளோதான்."

"நாங்களும் அவ்ளோதாங்க."

நான் பின்னால் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் விடவில்லை. "காஞ்சிபுரத்துலேர்ந்து அண்ணன் தம்பி மூணு பேரு வந்தாங்களாம். ஆளுக்கு ஒரு மலைன்னு பிரிஞ்சாங்களாம். எங்க பெரியவங்க சொல்றது. நெசமோ பொய்யோ. ஊருக்கு ஊரு ஞாயம் சொல்ல ஒருத்தன் இருப்பான், அவன் ஊர்க்கவுண்டன். அவன் மவனையும் மரியாதைக்குக் கவுண்டன்னாங்க. அப்புறம் எல்லாருமே ஆயிட்டோம். உங்க ஊர்ல எப்படிங்க வந்திச்சு?"

மாமனார் வெளியே பார்த்தார். "அது... எப்பவுமே இருக்குதுப்பா."

ஊருக்குத் திரும்பிய பிறகு வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார்: "பட்டத்தைக்கூட விட்டுவெக்க மாட்டறானுங்க." என்னவோ எங்கள் களத்து மேட்டிலிருந்து நெல் திருடிப்போனவர்களைப் பற்றிப் பேசுவது போல. நம்மிடம் அது எப்படி வந்தது என்று நமக்கே தெரியாத ஒன்றை எப்படித் திருட முடியும் என்று கேட்டேன். மருமகள் அப்படிக் கேட்கக்கூடாது என்றார்கள்.

அந்தச் சொல்லை அண்ணன் ஒரேயடியாகக் கட்டிக்கொண்டு திரிந்தார் என்றும் நினைக்க வேண்டாம். மரவள்ளி பிடுங்கும் பருவத்தில் எலவனாசூர்கோட்டைப் பக்கத்திலிருந்து கூலிக்கு ஆள் வருவார்கள். சொந்தமாக ஒரு சென்ட் நிலம் இல்லாதவர்கள். அதில் ஒரு பெரியவர், ஜீப்பிலிருந்து இறங்கும்போது தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, முதுகை வளைத்து, "வரேனுங்க கவுண்டரே" என்றார். கீழே தன் ஊரில் நிலக்காரர்கள் முன்னால் சொல்லிச் சொல்லிப் பழகிய வளைவு அது. எங்கள் வீட்டு வாசலில் நான் சின்ன வயதிலிருந்து பார்த்ததுதான். பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றியதில்லை.

அண்ணன் சட்டென்று இறங்கிப்போய் அந்தத் துண்டை வாங்கிப் பெரியவரின் தோளிலேயே திரும்பப் போட்டார். "பெரியவரே, நிமிந்து கூப்புடறதா இருந்தா கூப்புடுங்க. குனிஞ்சா அந்தப் பேரு எனக்கு வேணாம். அதுக்கு என் பேரைச் சொல்லிட்டுப் போங்க." குரலில் அதே கோபம்தான். பெரியவர் பயந்துபோனார். தன்மேல் கோபம் இல்லை என்று அவருக்குப் புரியவைக்க நான் இறங்கிப் பேச வேண்டியிருந்தது.

வாலிப வயசில் மிளகு பறிக்கக் கேரளாவுக்குப் போன கதையை அடிக்கடி சொல்லுவார். தோட்டத்து மேஸ்திரி எந்த ஊர், என்ன ஆள் என்று கேட்டிருக்கிறார். இவர் மலையாளி என்றிருக்கிறார். தோட்டமே சிரித்திருக்கிறது. மலையாளம் பேசத் தெரியாத மலையாளி! "அங்க நான் தமிழன். கீழ எறங்கினா மலையான். ஆபீசுக்குப் போனா, மலையாளின்னா கேரளாவாச்சே, இங்க இன்னா பண்றேன்றான். எல்லா எடத்துலயும் நான் வேற எடத்து ஆளு" என்று சொல்லிவிட்டு ஹாரனை அழுத்துவார். எதிரே வண்டி எதுவும் இருக்காது.

அவருக்கு ஒரே மகள். பன்னிரண்டாவது முடித்து நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தாள். நர்ஸிங் படிக்க வேண்டும் என்றாள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்த மலையில் பிறந்த நர்ஸ் ஒருத்திகூடக் கிடையாது. கீழிருந்து வருகிறவர்கள் மாறுதல் வாங்கிக்கொண்டு ஓடிவிடுவார்கள். நானே மூன்று முறை மாறுதல் கேட்டு எழுதியவள்தான். அவளுக்கு இடம் கிடைக்கும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. பழங்குடிச் சான்றிதழ் ஒன்றுதான் வேண்டும்.

என் சாதிச் சான்றிதழை நான் வாங்கியது நினைவிருக்கிறது. காலையில் அப்பா போனார், மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிட்டார். எந்தக் கவுண்டர் என்று அவரை யாரும் நிற்கவைத்துக் கேட்கவில்லை.

அண்ணனைக் கேட்டார்கள். மகளின் பள்ளிச் சான்றிதழில் சாதி மலையாளி என்றுதான் இருந்தது. ஆனால் அவளுடைய தாத்தாவின் நிலப் பத்திரத்தில் பெயருக்குப் பின்னால் கவுண்டர் என்று இருந்தது. எழுதியவர் கீழிருந்து வந்த யாரோ ஒரு குமாஸ்தா. மரியாதைக்குத்தான் எழுதியிருப்பார். அதிகாரி அந்த ஒரு சொல்லில் விரலை வைத்துக்கொண்டார்.

"கவுண்டர்னா பழங்குடியில வராதே."

"மலைக் கவுண்டருங்க. மலையாளிங்க."

"ரெண்டுல ஒண்ணு சொல்லு. நேர்ல வந்து விசாரிச்சாத்தான் தெரியும்."

அண்ணன் அன்று கோபப்படவில்லை. வெளியே வந்து ஜீப் சக்கரத்தை ஒரு உதை விட்டதோடு சரி. இதையெல்லாம் அவரே என்னிடம் சொன்னது. விசாரணைக்கு வந்த கதையை மட்டும் நானே பார்த்தேன். ஆபீஸ் வண்டி பழுது என்று சொல்லி அவருடைய ஜீப்பையே கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். யாரைப் பழங்குடியா என்று விசாரிக்க வேண்டுமோ அவரே விசாரிக்க வந்தவரைச் சுமந்துகொண்டு மலை ஏறினார். முன்னால் அதிகாரி. பின்னால் அவருடைய எழுத்தர், நான், அந்தப் பெண். எனக்கு அன்று தடுப்பூசி போடும் நாள், பெட்டியோடு ஏறிக்கொண்டேன்.

"வேட்டைக்கெல்லாம் போவியா?" என்று ஆரம்பித்தார் அதிகாரி.

"இப்ப காட்டுல கால் வெச்சா பாரஸ்ட்காரங்க புடிப்பாங்க சார்."

"உங்க ஆளுங்க பாட்டு ஒண்ணு பாடு பார்ப்போம்."

"எனக்குப் பாட வராதுங்க."

"சாமி எது?"

"கரியராமருங்க."

"ராமரா? ராமரை நானுந்தான் கும்புடறேன். பழங்குடிக்கு ராமர் எங்கேர்ந்து வந்தாரு?" அதிகாரி திரும்பிப் பின்னாலிருந்த எழுத்தரைப் பார்த்துச் சிரித்தார். "பேன்ட் போட்டுக்கினு ஜீப் ஓட்டறான். கேட்டா டிரைப்!"

ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த அவர் கைகளை நான் பார்த்தேன். நரம்பு புடைத்திருந்தது. கண்ணாடியில் பின்னால் மகளை ஒருமுறை பார்த்தார். பிறகு ரோட்டைப் பார்த்தார்.

முதல் ஊரில் சாமைக் கொல்லையில் களையெடுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் அதிகாரி, "உங்க சாதி இன்னாம்மா?" என்று கேட்டார். அந்த அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றார். பெரிய மனிதர் கேட்கிறார், மரியாதையாகச் சொல்ல வேண்டும். "நாங்க கவுண்டருங்க சாமி" என்றார்.

"மலையாளி இல்லையா?"

"மலையாளிதாங்க. மலைக் கவுண்டருங்க."

எழுத்தர் கவுண்டர் என்று எழுதிக்கொண்டார். அதோடு பேனாவை மூடிவிட்டார். "அந்தம்மா ரெண்டும் சொன்னாங்களே" என்றேன். அவர் காதில் வாங்கவில்லை.

அடுத்த ஊரில் பெரியவர் ஒருவரே முன்வந்து கும்பிட்டார். "நான்தாங்க ஊர்க்கவுண்டன்." அதிகாரி கைதட்டாத குறை. "பாத்தீங்களா? அவங்க வாயாலேயே வருது."

"சார், அது அவரோட பதவி. ஊர்த் தலைவர்னு அர்த்தம்" என்றேன்.

"சிஸ்டர், நீங்க ஊசி போடற வேலையைப் பாருங்க."

அதற்கடுத்த ஊரிலும் இதேதான். அந்த மக்கள் ஒவ்வொருவரும் தங்களுக்கு இருந்த ஒரே மரியாதையை எடுத்து விருந்தாளிக்கு முன்னால் வைத்தார்கள். வைத்த ஒவ்வொன்றும் அந்தப் பெண்ணின் படிப்புக்கு எதிரான சாட்சியாகக் காகிதத்தில் ஏறியது. அவர்களில் ஒருவருக்கும் அது தெரியாது. ஒரு வீட்டில் அதிகாரிக்குத் தேனும் கொடுத்தார்கள். நக்கிச் சாப்பிட்டார்.

திரும்பும்போது அணை தெரியும் வளைவில், "ஒண்ணும் பண்றதுக்கில்லப்பா. மலை பூரா கவுண்டர்தான். எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க" என்றார் அதிகாரி.

ஜீப் நின்றது. பக்கத்தில் பள்ளம். எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. எழுத்தர் என் தடுப்பூசிப் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். அண்ணனின் கோபத்தை அறிந்த நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன்.

"அப்பா, வண்டிய எடுங்க" என்றாள் மகள்.

எடுத்தார். கீழே ஆபீஸ் வாசலில் இறங்கிப்போய் அதிகாரிக்குக் கதவைத் திறந்துவிட்டார். திரும்பி வரும் வழியில் என்னிடம், "பின்னாடி என் பொண்ணு உக்காந்திருந்தா சிஸ்டரு" என்று மட்டும் சொன்னார்.

மனு தள்ளுபடியானது. அந்த ஆபீஸில் ஒருவர் நல்லெண்ணத்தில் யோசனை சொல்லியிருக்கிறார்: தாத்தா பெயரிலிருந்து கவுண்டரை நீக்கி மனு கொடு, ஊரில் யார் கேட்டாலும் அந்த வார்த்தையை எடுக்காதே, வேலை முடிந்துவிடும். வீட்டில் அதற்குத்தான் பெரிய சண்டை. நான் போனபோது மகள் அழுதுகொண்டிருந்தாள்.

"ஒரு வார்த்தைதானேப்பா. எடுத்துட்டாத்தான் இன்னா?"

"எங்க தாத்தன், மலைய ஆண்ட ஜாகிர்தாருங்க நெலத்துல கூலி இல்லாம ஒழைச்சாரும்மா. அப்பவும் மலையில ஒருத்தருக்கொருத்தர் அப்படிக் கூப்பிட்டுக்கினாங்க. அது ஒண்ணுதான் அவருக்கு மிச்சம். கீழ இருக்கற கவுண்டருங்க யாராச்சும் சான்றிதழுக்காகப் பேரை வெட்டறாங்களா? சிஸ்டரு, உங்க அப்பா வெட்டினாரா?"

வெட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை என்றேன்.

"கேக்க மாட்டாங்க" என்றார்.

மகள் அந்த வருடம் அத்தை வீட்டாரோடு குடகுக்குக் காப்பிப் பழம் பறிக்கப் போனாள். கச்சிராயபாளையம் வரை அவரே ஜீப்பில் கொண்டுபோய் விட்டார். திரும்பும்போது வண்டியை அணையோரம் நிறுத்திவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாராம். பால்காரர் பார்த்துவிட்டு வந்து சொன்னார்.

அடுத்த வருடம் அந்த அதிகாரி மாறுதலாகிப் போனார். புதியவர் வந்தார். அண்ணன் மறுபடியும் மனு கொடுத்தார். தாத்தாவின் பத்திரம் அதேதான், கவுண்டர் அப்படியே இருந்தது. கூப்பிட்ட நாளில் எனக்கு மனம் கேட்கவில்லை. லீவு போட்டுவிட்டு நானும் போனேன். மகள் குடகிலிருந்து வந்திருந்தாள், கறுத்து இளைத்திருந்தாள், விரல் நுனிகளெல்லாம் வெடித்திருந்தன. பிறகு அவள் படித்து, வேலைக்கு வந்து, இன்று பேர் சொல்லும்படி இருக்கிறாள். ஆனால் போன ஒரு வருடம் போனதுதான். அந்த வருடத்தை எந்த ஆபீஸும் அவளுக்குத் திருப்பிக் கொடுக்கவில்லை.

சன்னல் ஓரமாக வரிசை நின்றது. பெரும்பாலும் மலையிலிருந்து வந்தவர்கள். சேராப்பட்டுப் பக்கத்திலிருந்து முதல் நாளே இறங்கி யார் வீட்டிலோ படுத்து எழுந்து வந்தவர்கள்கூட இருந்தார்கள். எங்கள் முறை வந்தது. புதிய அதிகாரி காகிதங்களைப் புரட்டினார். தாத்தாவின் பத்திரம் வந்தது. அவர் அதைத் தாண்டி அடுத்த தாளுக்குப் போனார். கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் இருந்தவர் முத்திரை குத்தினார். தலையைத் தூக்கி யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஒரு தும்மல் போட்டு முடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

மகள் காகிதத்தை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "வாங்கண்ணே, போலாம்" என்றேன்.

அவர் நகரவில்லை. அவர் முகத்தில் ரத்தம் ஏறுவதைப் பார்த்தேன். புளி மூட்டையை இறக்கிய அன்றுகூட அந்தக் கோபம் இல்லை. அதிகாரி திட்டியபோதும், தள்ளுபடி செய்தபோதும், மகள் பஸ் ஏறியபோதும் வராத கோபம், கேட்டது கையில் கிடைத்த பிறகு வந்தது.

"சார்" என்றார்.

அதிகாரி நிமிர்ந்தார். "என்ன? அதான் குடுத்தாச்சே."

"இதே காயிதம். இதே பேரு. இதே ஆளு. போன வருசம் இல்லன்னீங்க."

"போன வருஷம் நான் இல்லப்பா இங்க."

"நீங்க இல்லீங்க. நான் இருந்தேன். போன வருசம் நான் இன்னாவா இருந்தேன்? அத மட்டும் சொல்லிடுங்க, போயிடறேன்."

மகள் அவர் கையைப் பிடித்து இழுத்தாள். அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார், எடுத்தார். பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். பிறகு அண்ணனின் தலைக்கு மேலாகப் பார்த்து, "அடுத்தது யாருப்பா, வாங்க" என்றார்.

அண்ணன் அங்கேயே நின்றார். பின்னால் வரிசையில் நின்றிருந்தவர்கள் வெயில் ஏற ஏறக் காத்துக்கிடந்தவர்கள். ஊருக்குப் போகும் வண்டியைப் பிடிக்க வேண்டியவர்கள். ஒருவரும் முன்னால் வரவில்லை.

"அடுத்தது!" என்றார் அதிகாரி மறுபடியும்.

அண்ணனுக்குப் பின்னால் நின்றிருந்த பெரியவர் ஒருவர் சன்னலை நோக்கிச் சொன்னார்: "அவரு கேட்டதுக்குச் சொல்லிடுங்க சார். நாங்க நிக்கறோம்."